இரண்டு தட்டு

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி ஆடுகிறது, ஐயா. காலுக்கடியில் ஒரு அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் எல்லா நாற்காலியும் அப்படித்தான் நிற்கிறது.

என் வீட்டுக்காரரைத் தூண் என்று கூப்பிடுவார்கள். பலசாலிப் போட்டியில் பாறாங்கல்லைத் தலைக்கு மேல் தூக்கி, நடுவர் கையை இறக்கும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குக் கண் இருட்டிவிடும், நடுவர் தெரியமாட்டார். அதனால் நடுவர் கையை இறக்கியதும் நான் பக்கத்தில் நின்று கையை இரண்டு தட்டு தட்டுவேன். ஆயிரம் பேர் கத்தினாலும் அது மட்டும் அவர் காதில் விழும். பதினோரு வருஷத்தில் நான் தட்டாமல் அவர் கல்லைக் கீழே போட்டதே இல்லை.

மூன்று வருஷமாக லாரியிடம் தோற்றுக்கொண்டிருந்தார். லாரியைக் கயிறு கட்டி இழுப்பவன், அதனால் அவனுக்கு அந்தப் பெயர். தோற்ற அன்று வீட்டில் ஏதாவது உடையும். முதலில் நாற்காலிகள். பிறகு குளியலறைக் கதவு. போன மாதம் என் இடது மணிக்கட்டு. அன்று மகள் கட்டிலுக்கடியில் போய்த் தூங்கினாள். மறுநாள் அவரே எனக்குக் கட்டுப் போட்டுவிட்டார். பாசக்காரர்தான்.

இருவரில் யார் பெரியவர் என்பதைக் குத்துச்சண்டையில் பார்த்துவிடலாம் என்று முடிவானது. இருவருக்குமே குத்துச்சண்டை தெரியாது. மேடையில் லாரி சிரித்தான். “அண்ணே, கல்லு திருப்பி அடிக்காது. நான் அடிப்பேன்.”

“அடிச்சுத்தான் பாரேன்டா,” என்றார் இவர்.

மூன்றாவது சுற்றில் அவர் கை தொங்கிவிட்டது. ஆனால் விழவில்லை. கல்லைத் தாங்குவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் ரத்தம், என்னைப் பார்த்திருக்க முடியாது. காதைத்தான் திருப்பினார்.

நடுவர் கயிற்றருகே வந்தார். “அக்கா, நிறுத்திடவா? உங்க ஆளு நின்னுக்கிட்டே போயிடுவாரு போலிருக்கு.”

“வேண்டாம் தம்பி. தோத்துட்டா அவரால தாங்கிக்க முடியாது.”

பொய் சொல்லவில்லை. தோற்று வீட்டுக்கு வந்தால் அடுத்து உடைவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தேன். மகளுக்கு ஏழு வயது.

ஏன் தட்டவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். மணிக்கட்டுதான், ஐயா. கையோடு கை பட்டாலே உயிர் போகிறது. அதை உடைத்தவரும் அவர்தானே. தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்வேன்.

ஐந்தாவது சுற்றில் லாரியே பயந்து கையை இறக்கிவிட்டான். “அண்ணி, அவரை உக்காரச் சொல்லுங்க அண்ணி,” என்று அழுதான். இவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், காதை என் பக்கம் வைத்தபடி. டாக்டர் மேடையேறி அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்து, இனிப் பிழைக்க மாட்டார் என்பது போலத் தலையை ஆட்டினார்.

அதைப் பார்த்த பிறகு தட்டினேன். இரண்டு தட்டு. உடனே விழுந்துவிட்டார்.

கை வலிக்கவே இல்லை, ஐயா.