நூற்றெண்பது பேரின் தண்ணீர்

— கூட்டம் முடிஞ்சிடுச்சும்மா. ஊர்க்காரங்க சொன்னதெல்லாம் எழுதிட்டேன். நீ யாரு?

— மாரிசெல்விக்கா. சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்துல செல்போன் கம்பெனியில வேலை பாக்கேன். ஷிப்ட் முடிச்சு ஓடியாந்தேன், பஸ் லேட்டாயிட்டு. வார்டு மெம்பரு ராஜம்மா நீங்கதான?

— நாந்தான். இன்னா வோணும்?

— அடுத்த அஞ்சு வருசத் தண்ணித் திட்டத்துக்கு சனங்ககிட்ட கருத்து கேக்காவன்னு நோட்டீசு பாத்தேன். எங்க லேடீஸ் ஹாஸ்டல்ல நூத்தியெம்பது பேரு இருக்கோம். எங்களையும் சேத்துக்கிடுங்க.

— உன் ஓட்டு எங்க கீது?

— ஊர்லதான்.

— அப்போ அங்க போய் சொல்லு. இது இந்த ஊரு ஜனத்துக்கு.

— பொங்கலுக்குப் போனப்ப அங்கயும் இதே கூட்டந்தான். 'நீதான் இங்கன இல்லையே'ன்னு தண்ணிக் கணக்குல பேர அடிச்சிட்டாவ. இங்க வந்து ஏழு வருசமாச்சுக்கா. கணக்குப்படி நான் எங்கயுமே தண்ணி குடிக்கலல்லா.

— நீங்கள்லாம் வந்தப்பறந்தான் எங்க போர்ல வெறுங்காத்து வருது. அது தெரியுமா உனக்கு?

— ஆளுக்கு ரெண்டு பக்கெட்டுக்கா. குளிக்க, துவைக்க, எல்லாத்துக்கும். ஞாயித்துக்கெழம தண்ணி லாரி வராது. பாத்ரூம் போவக் கூடாதுன்னு அன்னிக்கு சோறு திங்காம படுத்துக் கெடப்போம்.

— துன்னாமயா?

— யார்ட்ட சொல்ல? அம்மாட்ட சொன்னா, வேலையப் போட்டுட்டு வந்துருன்னுவா.

— ...ஒக்காரு. எழுதறேன். ஆளு நூத்தியெம்பது. தண்ணி எங்கேருந்து வருது? இந்தக் கட்டத்த ரொப்பலன்னா மேல எடுத்துக்க மாட்டாங்கோ.

— வார்டன் சொல்லல. அதான் போன வாரம் லீவு போட்டு, லாரி பின்னாலயே ஆட்டோ புடிச்சுப் போனேன்.

— ஒண்டியாவா?

— கூட வர எனக்கு யாருக்கா இருக்கா? வல்லக்கோட்டை ரோட்டுல நீலக் கலரு மோட்டார் ரூமு. அங்கன ஒரு கெணத்துலதான் உறிஞ்சுதாவ. யாரு கெணறுன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. என்னக்கா, பேனாவக் கீழ வச்சிட்டீய?

— எழுதினா அந்தக் கெணத்த மூடிடுவாங்கோ, தண்ணி விக்க லைசென்சு இல்ல. அத்த வெச்சி ஒருத்தி பொழைச்சிகினு கீறா. புருசனும் இல்ல, புள்ளைங்களும் எட்டிப் பாக்கறதில்ல.

— பாவந்தான். மூடுனா எங்களுக்குப் பைப்பு வருமா?

— கணக்குல ஏறிட்டா குடுத்துதான் ஆவணும்.

— அப்பம் எழுதுங்கக்கா. அவிய பேருதான் எனக்குத் தெரியல.

— எழுதிட்டேன். நீயே படி.

— 'கிணற்றின் உரிமையாளர்: ராஜம்மா, வார்டு உறுப்பினர்.'