டாஃப்னி ரிவர்ஸ் இரண்டாம் முறை மணந்துகொள்ளாதது பற்றி

என் பெயர் மினர்வா போல்ட்ஸ். வயது அறுபத்திரண்டு. தெற்கு கரோலினா, செயின்ட் ஹெலினா தீவில் சிப்பி ஓடைச் சாலையில் குடியிருக்கிறேன். தொழில் பள்ளி ஆசிரியை. அடிமையாகப் பிறந்தேன், விடுதலைக்குப் பிறகு வடக்கே சென்று பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றேன். இரண்டையும் விசாரணை அதிகாரி கேட்ட வரிசையிலேயே சொல்லியிருக்கிறேன்.

மனுதாரர் டாஃப்னி ரிவர்ஸ் என் அடுத்த வீட்டுக்காரர். உறவினர் அல்லர். தோழி என்றும் சொல்ல இயலாது. அவருடைய கோழிகள் என் கீரைப் பாத்தியைத் தம் சொத்தாகக் கருதுகின்றன. அவருக்குச் சாதகமாகப் பேச எனக்குத் தனிப்பட்ட காரணம் எதுவும் கிடையாது. சென்ற குளிர்காலத்தில் காலமான முன்னாள் சிப்பாய் கஃபி ரிவர்ஸின் விதவை என்ற முறையில் அவர் ஓய்வூதியம் கோரியிருப்பதும், திருமணச் சான்று இல்லாததால் மனு நிற்பதும் எனக்குத் தெரியும். புயலில் காகிதம் போயிற்று என்று சொல்லிவிடும்படி சிலர் எனக்கு அறிவுரை கூறினார்கள். காகிதம் போகவில்லை. அது இருந்ததே இல்லை.

நானும் டாஃப்னியும் ஒரே தோட்டத்து அடிமைகள். கஃபி ஓடைக்கு அக்கரையில் வேறொரு எஜமானருக்குச் சொந்தம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, கிறிஸ்துமஸ் வாரத்தில், எங்கள் ஜெபக்குடிலில் மூப்பர் ஐசக் இருவரையும் எல்லோர் முன்பும் நிறுத்தி, சம்மதம் கேட்டு, கைகளைச் சேர்த்து வைத்தார். நான் கதவருகில் நின்று பார்த்தேன். எஜமானர் ஒரு பன்றிக்குட்டி கொடுத்தார். அடிமைக்குத் திருமணம் என்பது அன்றைய சட்டத்தில் இல்லை. பன்றிக்குட்டியைத் தவிர வேறு அத்தாட்சி தரப்படவில்லை.

அதன் பிறகு கஃபி ஒவ்வொரு சனிக்கிழமையும் அனுமதிச் சீட்டுடன் படகில் வருவார். ஓடை வற்றியிருந்தால் இடுப்பளவு சேற்றில் நடந்து வருவார். பினா என்ற மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயதானபோது எஜமானர் அவளை ஜார்ஜியாவுக்கு விற்றார். அன்று டாஃப்னி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மாலையில் எடை போட்டபோது அவருடைய கூடையில் வழக்கமான அளவு இருந்தது.

அதன் பிறகு போர் வந்தது, வடக்கின் பீரங்கிக் கப்பல்கள் வந்தன, எஜமானர்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளைக்கூட எடுத்து வைக்காமல் ஓடினார்கள். கஃபி கறுப்பர் படையில் சேர்ந்து, போர் முடிந்தபின் இடது காது கேளாதவராகத் திரும்பினார்.

அந்தக் கோடையில், அடிமைக் காலத்துத் தம்பதிகள் எல்லோரும் சட்டப்படி மறுபடி மணந்துகொள்ள வேண்டும் என்று ஜெபக்குடில் கமிட்டி முடிவு செய்தது. வடக்கிலிருந்து வந்த போதகர் ஒருவர் ஓக் மரத்தடியில் நின்றார். தம்பதிகள் வரிசையில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் பெயர்களைக் கேட்டு எழுத என்னை உட்கார வைத்தார்கள். கஃபி சீருடையில், தனியாக நின்றார்.

"மணப்பெண் எங்கேப்பா?" என்று போதகர் கேட்டார்.

"அதோ, நண்டு வேக வச்சுக்கிட்டு இருக்கா ஐயா. கோவமா இருக்கா. நான் மட்டும் பாதிக் கல்யாணம் பண்ணிக்க வழியிருக்கா?"

வரிசை சிரித்தது. டாஃப்னி அகப்பையைக் கீழே வைக்காமலேயே பேசினார்.

"பத்து வருசமா அவரு என் புருசன். இன்னிக்குத்தான் கட்டிக்கிறேன்னு சொன்னா, நேத்து வரைக்கும் நான் யாரு? என் பினா யாரு? அவ திரும்பி வந்து கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"இது வெறும் சம்பிரதாயந்தான்மா."

"அப்ப நீங்களே பண்ணிக்குங்க ஐயா."

கஃபி சற்று நேரம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். அதன் பிறகு வரிசையை விட்டு விலகி, பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. டாஃப்னி செய்தது மடமை என்று அப்போது நினைத்தேன். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் சட்ட விரிவுரைகளைக் கேட்டபோதும் அப்படியே நினைத்தேன்.

கமிட்டி இருவரையும் பாவத்தில் வாழ்பவர்கள் என்று ஜெபக்குடிலிலிருந்து விலக்கியது. டாஃப்னி ஞாயிறுதோறும் ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களைவிட உரக்கப் பாடினார். சுருதி மட்டும் சேராது.

மறு ஆண்டு பருத்திக் காலத்தில் பினா வந்து சேர்ந்தாள். சனிக்கிழமை படகில் வரும் கஃபி என்ற ஒரே விவரத்தைத் துறைதோறும் சொல்லி விசாரித்து நடந்தே வந்திருந்தாள். ஞாயிறன்று தாயுடன் ஜன்னலுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தபோது மூப்பர் ஐசக் தலையை நீட்டி, "யாரு பொண்ணும்மா நீ?" என்றார்.

"கஃபி மக. அம்மா டாஃப்னி. இந்த வீட்டுலதான் கட்டிக்கிட்டாங்களாம். ஒரு மூப்பர் கட்டி வச்சாராம். அவரு இன்னும் இருக்காரா?"

மூப்பர் கதவைத் திறந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து, கஃபிக்கும் சேர்த்து மூன்று பேருக்கு இடம் விட்டார்கள். கமிட்டி அதன் பிறகு அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை.

அன்று முதல் கஃபி இறக்கும் வரை இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். வேறு மனைவியோ வேறு கணவரோ இருவருக்கும் இருந்ததில்லை. இருந்திருந்தால், டாஃப்னியின் குரலில், தீவு முழுவதும் கேட்டிருக்கும். பினாவின் பேரப்பிள்ளைகள் என் பள்ளியில் படிக்கிறார்கள். ஒருவனைத் தவிர எல்லோருக்கும் கையெழுத்து நன்றாக இருக்கிறது. கஃபியை அடக்கம் செய்த அன்று டாஃப்னி அவருடைய படகைக் கரையில் கவிழ்த்து வைத்தார். இன்னும் நிமிர்த்தவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அதிகாரி எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். மனுதாரர் சிப்பாயுடன் 'மனைவி போல உடன் வாழ்ந்தவர்' என்று இருந்தது. அதில் கையெழுத்திட மறுத்தேன். எழுதும் வழக்கம் அதுதான் என்றார். நாற்பதாண்டுகளாகப் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தி வருவதாகவும், இன்னும் ஒன்றைத் திருத்த எனக்கு நேரம் இருப்பதாகவும் தெரிவித்தேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்த மனுதாரர், "அடியே மினர்வா, இன்னும் என்னத்தச் சொல்லிக்கிட்டு இருக்கே? நான் வாழ்ந்ததே இவ்வளவு நீளம் இல்லடி!" என்றார்.

அதிகாரி சிரித்து, அவ்வரியை அடித்து, 'மனைவி' என்று எழுதினார். திருத்தத்தின் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம்.

"மனைவின்னு எழுதியாச்சு அக்கா," என்று ஜன்னல் வழியே சொன்னேன்.

"அதுதான் எனக்குத் தெரியுமே," என்றார்.

இதில் கண்டவை யாவும் நான் நேரில் பார்த்தும் கேட்டும் அறிந்தவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, நானும் ஒருமுறை படித்துப் பார்த்து, உண்மை என ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மினர்வா போல்ட்ஸ்
மார்ச், 1908