வெடிக்காத வெடிக்கு ஓர் எருது

நல்லேப்பிள்ளி போகும் பஸ்ஸில் அன்று ஐந்தே பேர்: டிரைவர், கண்டக்டர், கொச்சியில் கப்பல் வேலை பார்க்கும் ஒருவர், சந்தையில் எருதை விற்றுவிட்டுக் கயிற்றோடு திரும்பும் அவர் மாமனார், பிரேக் சத்தத்துக்குப் பயந்து கம்பியைப் பிடித்திருந்த நான்.

“வெடிக்காத வெடிக்கு எதுக்குங்க மாப்பிள்ளை காசு?” என்றார் மாமனார்.

“எங்க கப்பலு முன்ன நடுக்கடல் எண்ணெய்க் கெணத்துக்குச் சாமான் கொண்டுபோனதுங்க மாமா. இப்ப கடல்ல கண்ணிவெடி தேடிப் பழகறதுக்கு நேவிக்கு மாத்திட்டாங்க. தேடிப் பழகப் பொய் வெடி ஒண்ணை நாந்தான் எறக்குனேன். அடையாளத்துக்கு மிதவையும் கட்டுனனுங்க.”

“அப்பறம்?”

“எருது கட்டற உருவு முடிச்சுப் போட்டுட்டேன். அலை ஒரு இழுப்பு இழுத்துது, அவுந்துபோச்சு.”

“தேடற கப்பல்தானுங்களே, தேடறது?”

“மூணு நாள் தேடுனாங்க, கெடைக்கலீங்க. காசு கட்டுனாத்தான் மறுக்கா வேலைங்கறான் கம்பெனிக்காரன்.”

“நெச வெடியா இருந்திருந்தா?”

“காசு கேக்க ஆளிருக்காதுங்க மாமா.”

மாமனார் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கயிற்றை எடுத்து மருமகன் கையில் வைத்தார்.

“எருதை வித்தாலும் கயித்தைக் குடுக்கப்படாதுன்னு வெச்சுக்கிட்டனுங்க. ஊடு போறதுக்குள்ள வேற முடிச்சுப் பழகுங்க. எருது வித்த காசைக் கட்டுனாலும் கம்பெனிக்கு இன்னும் எரநூறு ரூவா பாக்கி.”