எட்வின் காட்டிய பாயிண்ட்

செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்கால். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. காதில் பஞ்சு. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போர்வெல் ரிக் வண்டியின் தகரத்தில் மூன்று ஓட்டைகள் விழுகின்றன. எட்வின் ஓடி வருகிறான். வாய் அசைகிறது. கிட்டே வந்ததும்தான் கேட்கிறது.

"அண்ணா! சுடுறானுங்கோ! கீழ படு! படுண்ணா!"

என்னைத் தள்ளினான். நான் சேற்றில் விழுந்தேன். அவன் என் மேலேயே விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

இது சூடானில் நடந்தது. போர் தொடங்கிய வருஷம். ராணுவங்கள் நகரங்களில் அடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் போர்வெல் போடப் போன கிராமத்துக்கு அந்தச் சண்டை வரவில்லை. துப்பாக்கிகள் மட்டும் வந்து சேர்ந்திருந்தன. அங்கே அடிதடி தண்ணீருக்காக. அதைக் கிளப்பிவிட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிறுசேரிக்காரன். எங்கள் வீட்டுக்கு நிலம் இருந்தது. இப்போது அதன்மேல் கம்பெனிக் கட்டடம் நிற்கிறது. நாங்கள் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்துவிட்டோம். எட்வின் கேளம்பாக்கம். அவன் அப்பா எங்களைப் போன்றவர்களின் மாடுகளை மேய்த்தவர். ரிக்கில் நான் டிரில்லர். அவன் எனக்குக் கீழே.

அவனைப் பார்த்தாலே எனக்கு வயிற்றெரிச்சல். மறைக்க ஒன்றுமில்லை. வந்த இரண்டே மாதத்தில் அரபு பேசினான். எனக்கு ஒரு வருஷமாகியும் சலாமைத் தாண்டவில்லை. டீ முதலில் அவனுக்குத்தான் வரும். விவசாயிகளும் அவனைக் கூப்பிட்டார்கள். மாடு மேய்ப்பவர்களும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்த இத்ரீஸ்கூட, நான் கேட்ட கேள்விக்கு அவன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். தினமும் உள்ளுக்குள் பொருமினேன்.

எங்கே துளை போட்டால் தண்ணீர் வரும் என்று பார்ப்பதை எங்கள் தொழிலில் பாயிண்ட் பார்ப்பது என்போம். அது டிரில்லரின் வேலை. என் வேலை. எட்வின் முந்திக்கொண்டான். சோள வயலுக்கு வெளியே, வெறும் பொட்டலில் ஓர் இடத்தைக் காட்டினான்.

"இங்க போட்லாம்ணா. மாட்டுத் தடம் கீது பாரு. வயல்ல போட்டா மாடுங்க எப்டி வரும்? இங்கன்னா ரெண்டு பேருக்கும் பொது."

"இன்னாடா தடம்? சும்மா கெடக்குற நெலம். மூடிக்கினு ராடு எடுத்தா."

அவன் சொன்னது சரி. அப்போதே எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்திலும் மேய்க்கால் புறம்போக்கை, சும்மா கிடக்கிற நிலம் என்று சொல்லித்தான் ப்ளாட் போட்டார்கள். அவன் அப்பாவின் பிழைப்பு அப்படித்தான் போனது. ஆனால் அவன் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் பேர் அவனுக்குப் போய்விடுமே. எனக்குப் பொறுக்கவில்லை. வயலுக்கு நடுவில் போட்டேன்.

வியாழன் தண்ணீர் வந்தது. வெள்ளி, விவசாயிகள் சுற்றி முள்வேலி அடைத்தார்கள். திங்கள் மாடுகள் வந்தன. வழியில்லை. சாயங்காலம் வரை தாகத்தில் கத்தின. மறுநாள் காலை, துளையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அப்போதுதான் சுட்டார்கள். யார் முதலில் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடம். விழுந்ததில் காதுப் பஞ்சு கழன்றிருந்தது. கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே ஒற்றை ஒற்றையாக வெடிச் சத்தம். இடையில் மூன்று முறை சடசடவென்று. பிறகு டீசல் தீர்ந்து கம்ப்ரசர் நின்றது. அழுகை கேட்டது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் ஒரே மாதிரிதான் அழுதார்கள்.

எட்வினை அங்கேயே புதைத்தார்கள். இத்ரீஸ் என்னை லாரியில் ஏற்றிவிட்டான். பிறகு கப்பல். விமானம். மீனம்பாக்கம்.

எட்வின் மனைவி மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். உங்க தம்பி மாதிரி இருந்தாரே அண்ணா என்று அழுதாள். என்னைக் காப்பாற்றிவிட்டுச் செத்தான் என்று சொன்னேன். பாயிண்ட் விஷயத்தைச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

போன மாதம் இத்ரீஸ் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். இரண்டு தரப்பும் பதினோரு நாள் உட்கார்ந்து பேசினார்களாம். நிலம் யாருடையது என்று பேசவில்லை. எந்த மாதம் யாருக்கு என்றுதான் பேசினார்கள். அறுவடை முடிந்தால் வயலில் மாடு மேயலாம். சாணம் வயலுக்கு. தடத்தில் வேலி கூடாது. எட்வின் காட்டிய இடத்தில் வேறு ரிக் வந்து புதிதாகப் போட்டிருக்கிறது. காலையில் மாடுகளுக்கு, மதியத்துக்கு மேல் வயலுக்கு. அதன் பேர் பீர் எட்வின். பீர் என்றால் அவர்கள் மொழியில் கிணறு. நான் போட்டதை மூடிவிட்டார்கள்.

கேட்டதும் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. அந்தப் பழைய எரிச்சல்தான் முதலில் வந்தது. செத்தும் பேர் வாங்கிவிட்டான் பாவி.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனவை இவை. விவசாயிகளில் நான்கு பேர். மேய்ப்பவர்களில் மூன்று பேர். மாடுகள் பத்தொன்பது. ரிக் வண்டி ஒன்று. எட்வின்.

அவனை முதலில் எழுதியிருக்க வேண்டும். மனம் வரவில்லை.