சைலன்சரைக் காயவைப்பவள்

"நீங்க ஏன் அக்கா ஒருநாள்கூடச் சுட்டதில்ல?" என்று வென்லா ஒருமுறை கேட்டாள். கொல்வது பிடிக்காது என்றேன். அது உண்மைதான்.

வடக்கே பனிக்காடு சூழ்ந்த எங்கள் கூசமோப் பக்கம், வெடிச்சத்தத்தை அடக்கும் சைலன்சரைத் துப்பாக்கி முனையில் மாட்டாமல் கடமான் வேட்டைக்குப் போகிறவர்கள் குறைவு. நாயின் காதுக்கு நல்லது, நம் காதுக்கும் நல்லது. ஆனால் சுட்டு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் கரியும் ஈரமும் சேர்ந்து துப்பாக்கியின் வாயை அரித்துவிடும். என் கணவர் ரைமோவின் துப்பாக்கிக்கு, கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வேலை என்னுடையது. சைலன்சரை அடுப்பருகே நிமிர்த்திக் காயவைப்பேன். அதன் திருகுமரையில் ஒட்டிய கரியைத் துடைத்து எண்ணெய் தொட்டுவைப்பேன். "நம்ம துப்பாக்கி துருவையே பார்த்ததில்ல" என்று அவர் நாலு பேர் நடுவில் சொல்வார். பேச்சுக் குறைவான மனிதர். எனக்கு அது போதும்.

வென்லா போன ஆண்டு எங்கள் வேட்டைக் குழுவில் சேர்ந்தாள். ரைமோ தன் துப்பாக்கியிலேயே சுடக் கற்றுத்தந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியல் முடித்து வந்தால், என் மேசையில், என் துணியால் அவள் சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மெதுவா. பல்லு தேய்க்கிற மாதிரியா தேய்ப்பாங்க?"

"உங்க பல்லைவிட இது வெள்ளையா இருக்கு, ரைமோ."

அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. "துலிக்கி, இனிமே உனக்கு இந்த வேலை இல்ல" என்றார். நல்லது என்றேன்.

எங்கள் குழுவில் ஒரு மரியாதை உண்டு. துடைத்தவர் மாட்டியதை இன்னொருவர் திருகிப் பார்க்கமாட்டார். பார்த்தால் நம்பவில்லை என்று அர்த்தம். மறுநாள் காலை வென்லா சைலன்சர் மாட்டிவைத்த துப்பாக்கி உறையோடு வாசலில் இருந்தது. இருவரும் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சைலன்சரைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான். தளர்ந்தால் குண்டு உள்ளே உரசும், இரும்பு தெறிக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. அவள் சுடும்போது ரைமோ தோளையொட்டி நிற்பார் என்பதும் தெரியும்.

அன்று காட்டில் அவள் சுட்டபோது சைலன்சர் வெடித்துச் சிதறியது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. ரைமோவுக்கு இரண்டு கண்ணும் போயின. வென்லா சரியாக இறுக்கவில்லை என்று குழுவே சொன்னது. நான் மறுக்கவில்லை. இப்போது காப்பிக் கோப்பையை அவர் கையில் வைப்பது நான். சவுனாவுக்குக் கைபிடித்து அழைத்துப்போவதும் நான். நானில்லாமல் அவரால் ஓர் அடி வைக்க முடியாது.

நேற்று வென்லா வந்தாள். இளைத்திருந்தாள்.

"நல்லா இறுக்கின ஞாபகம்தான் அக்கா. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்கு. மன்னிச்சிடுங்க."

அந்த நாளைப் பற்றி அதுவரை வாயே திறக்காத ரைமோ சொன்னார்: "நீ இறுக்கின. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

பாவம், அவள் அழுதுகொண்டிருந்தாள். "தப்பு யாருக்கும் வரும்மா" என்று அவள் முதுகைத் தடவினேன். மனதார மன்னித்தேன்.

ரைமோ நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் கையை நீட்டினேன். அவர் சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து, பனிக்குள் இறங்கிப் போனார்.