மூணு பல்பும் எரியுது

“அலோ... ஆமாங்க, முல்லைக் குழுதான்... ஆமா ஆமா, தலைவிதான் பேசறேன்... யாரு?... காதுல வுழலீங்க, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க... ஓ, மேலத்தெரு ஐயாவா. சொல்லுங்க ஐயா.”

முதல் வார்த்தையிலேயே அம்சவள்ளிக்கு அரங்கநாதனின் குரல் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவரை இரண்டு முறை பெயர் சொல்ல வைத்தாள்.

முல்லை மகளிர் குழுவின் ஓட்டுக் கட்டடம் செந்துறை ரோட்டை ஒட்டி, காலனியின் முகப்பில் இருந்தது. போன் இருந்த மேசைக்கு எதிரே ஜன்னல். அதன் வழியே குழுவின் கிணறும் மோட்டார் கொட்டகையும் தெரிந்தன. கொட்டகைச் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலமாக மூன்று சின்ன பல்புகள். மூன்றும் எரிந்தால் மும்முனை கரண்ட் இருக்கிறது, மோட்டார் போடலாம். சிமெண்ட் ஆலையின் மத்தியானச் சங்கு ஊதும்போது அது போய்விடும், பிறகு ராத்திரிதான். இப்போது மூன்றும் எரிந்துகொண்டிருந்தன.

“அம்சவள்ளியேதாங்க... என் முழுப்பேரு ஒங்களுக்குத் தெரியும்னே எனக்கு இப்பத்தான் தெரியுது. இத்தினி வருசமா ‘ஏ புள்ள’தானே... சேச்சே, கோவமெல்லாம் இல்ல. சொல்லுங்க... ம்... எந்தக் கொல்லைங்க? ரோட்டுக்குக் கீழண்ட போட்டிருக்கீங்களே, அந்தக் கடலையா?... பாத்தேன் பாத்தேன். எலையெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்குது... ஒங்க போர் என்னங்க ஆச்சு?... வெறும் காத்துதான் வருதா... அடடா.”

போர் வற்றிய சேதி ஊரெல்லாம் தெரிந்ததுதான். கடலை காய் பிடித்து நிற்கிறது. இன்று ஒரு தண்ணீர் பாய்ந்தால் பருப்பு ஏறும். பாயாவிட்டால் கொடியைப் பிடுங்கும்போது அத்தனையும் பொக்காக வரும். குழுவின் கிணற்றில் இன்று காலை மட்டும்தான் யாருக்கும் முறை இல்லை. ராத்திரியிலிருந்து உறுப்பினர்களின் கொல்லைகளுக்கு முறை தொடங்கினால் சுற்றி முடிய வாரக் கணக்காகும். இதையெல்லாம் யாரிடமோ விசாரித்துக்கொண்டுதான் அரங்கநாதன் கூப்பிட்டிருந்தார்.

கொட்டகை வாசலில் நின்ற கொளஞ்சியம்மாள், போடட்டுமா என்று கையால் கேட்டாள். மோட்டார் அவள் பொறுப்பு. அம்சவள்ளி உள்ளங்கையைக் காட்டினாள். இரு.

“இல்லன்னு யாருங்க சொன்னது?... எங்க குழுவுல ஒரு கட்டு உண்டுங்க. முறை காலியா இருந்தா, தண்ணின்னு கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது. எந்தத் தெருவா இருந்தாலும் சரி... ஆமா, நாந்தான் சொல்லி அதைத் தீர்மானத்துல சேக்க வெச்சேன்... ஏன்னா? அது ஒரு கதை... இருக்கு இருக்கு, கரண்ட் இருக்கு. மூணு பல்பும் எரியுது. நான் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க பதறாதீங்க.”

அந்தக் கட்டைச் சேர்த்த நாளில், முதலில் கேட்கப் போகிறவர் இவராக இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்ல வேண்டும் என்பது எந்தத் தீர்மானத்திலும் இல்லை.

“ஆனா ஒண்ணுங்க ஐயா. போன்ல கேட்டா நான் ஒருத்தியாச் சொல்லிட முடியாது. குழுப் பொறுப்புல இருக்கற இன்னொருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்... ஆமாங்க, எங்களுக்கும் சட்டதிட்டம்னு இருக்குல்ல... வீரம்மா பின்னாலதான் இருக்கும், இந்தா கேட்டுட்டு வந்துடறேன். வெச்சிடாதீங்க. அப்புறம் லைன் கெடைக்காது... ஆமா ஆமா, இருங்க.”

ரிசீவரை மேசை மேல் படுக்க வைத்தாள். வீரம்மாள் அன்று அரியலூருக்குப் போயிருந்தாள். அம்சவள்ளி பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தாள். மிச்சத்தில் வாசலில் நின்று முகம் கழுவினாள். ரிசீவர் பொன்வண்டு அடைத்த தீப்பெட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள்.

“அலோ... இருக்கீங்களா... கேட்டேங்க. வீரம்மாவுக்குச் சம்மதந்தான். வாய்க்கா வழியைப் பத்தித்தான் ஒரு சின்ன... என்னது?... என்ன சொன்னீங்க?... எங்க கொல்லைக்குப் போற வாய்க்கால மறிச்சிடுவீங்களா? மறிங்க. அது ஒங்க வரப்பு இல்ல, பொறம்போக்கு. சர்வேயர் வந்து கல்லு நட்டுட்டுப் போயாச்சு. புடுங்கறதுன்னா அந்தக் கல்லையும் புடுங்கிப் பாருங்க... ம்... ம்... சரி, வாய் தவறிடுச்சு. வுடுங்க... பணமா? தண்ணிக்கு நாங்க காசு வாங்கறதில்லீங்க.”

வெயில் கொட்டகையின் நிழலைச் சுவரோடு ஒட்டிவிட்டிருந்தது. கொளஞ்சியம்மாள் மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? போன வருசம் சித்திரையில, நாங்க பொம்பளைங்க எல்லாம் குடத்தோட ஒங்க மோட்டார் கொட்டாய்க்கு வந்தோமே... ஞாபகம் இல்லீங்களா? இருக்காதுதான். நின்னது நாங்கதானே... சொல்றேன், கேளுங்க. வேலிக்கு வெளிய நின்னோம். ஒரு மரம் கெடையாது. பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்கு மேல கவுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னோம். நீங்க உள்ள ஒக்காந்து போன் பேசிக்கிட்டு இருந்தீங்க, மெட்ராஸ்ல இருக்கற மவன்கிட்ட. வூடு பாக்கறது, காரு வாங்கறது எல்லாம் எங்க காதுல வுழுந்துச்சு. நடுவுல ஒரு தடவ எங்களப் பாத்துக் கையைக் காட்டினீங்க, இருங்கன்னு... இல்லீங்க, நீங்க இல்லன்னு சொல்லல. நான் அப்புடிச் சொல்லவே மாட்டேன். ஒரு தடவகூட இல்லன்னு சொல்லல. பேசிக்கிட்டே இருந்தீங்க, கரண்ட் போயிடுச்சு. அப்பறமா வெளிய வந்து ஒரு வார்த்தை சொன்னீங்க. அதாவது ஞாபகம் இருக்கா?... யோசிங்க. அவசரமில்ல.”

அன்று வெறுங்குடத்தோடு திரும்பியபோது அவளுடைய மாடு தண்ணீர் இல்லாமல் கால் மடித்துப் படுத்திருந்தது. குழுவில் கொடுத்த முதல் கடனில் வாங்கிய மாடு, சினை வேறு. மறுநாள் ரோட்டில் வந்த அடிமாட்டு லாரியில் ஆள் பிடித்துத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. லாரிக்காரன் மாட்டின் வயிற்றைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் குழு மாட்டுக் கடனை நிறுத்தியது. சேமிப்பு முழுவதையும் போட்டு, பாழாய்க் கிடந்த இந்தக் கிணற்றைக் குத்தகைக்கு எடுத்து, தூர் வாரி, பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்தினார்கள். மண் சுமந்ததெல்லாம் பெண்கள். இனி எத்தனை மழை பொய்த்தாலும் யார் வேலிக்கு வெளியிலும் நிற்பதில்லை என்பதுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

“ஒங்ககிட்ட நான் சொல்லவே இல்லியே ஐயா, அந்த மாட்டைப் பத்தி... எங்கூட்டு மாடுதான்... ம், சினை. வவுத்துக் கன்னோட ஏத்திவுட்டேன்... இல்லல்ல, நட்டஈடெல்லாம் கேக்கல. சொல்லணும்னு தோணிச்சு.”

கொளஞ்சியம்மாள் ஜன்னலுக்கே வந்துவிட்டாள். அவள் கண் சொன்னது அம்சவள்ளிக்குப் புரிந்தது. அந்தக் கடலை விளைந்தால் அதை ஆய்கிற கூலி காலனிப் பெண்களுக்குத்தான் வரும். பொக்காய்ப் போனால் இவர்களுக்கும் வைகாசியில் வேலை இல்லை. அம்சவள்ளி போன் வாயைக் கையால் பொத்தினாள்.

“தெரியும்டி. போயி ஸ்டார்ட்டர்கிட்ட நில்லு. நான் கையைத் தூக்குனாப் போடு... போன்னா போ.”

கையை எடுத்தாள்.

“அலோ... ஆங், சொல்லுங்க... என்னங்க?... தப்புன்னா, யாரு பண்ணது தப்பு?... முழுசாச் சொல்லுங்க ஐயா, லைன்ல இரைச்சலா இருக்கு... ம்... ம்... சரிங்க... இல்ல, கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.”

லைனில் இரைச்சல் எதுவும் இல்லை. இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தாள். கேட்டுவிட்டாள். வலது கை தானாக மேலே எழத் தொடங்கியது. கொளஞ்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட்டர் பக்கம் திரும்பினாள்.

“சரிங்க ஐயா, போடச் சொல்... என்ன?... இல்ல, இப்ப கடைசியா ஒண்ணு சொன்னீங்களே... சீக்கிரம் போடு, அதுக்கப்புறம்... ‘புள்ள’யா?”

பாதியில் நின்ற கை கீழே இறங்கி மேசை மேல் படிந்தது. திரும்பிப் பார்த்த கொளஞ்சியம்மாள் ஸ்டார்ட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லீங்க. பழக்கம், மாறாதுதான்... போடறோம் போடறோம். எங்க ஓடிப்போவுது தண்ணி... மவன் நல்லா இருக்காருங்களா? காரு வாங்கிட்டாரா?... என்னா கலருங்க?... சும்மாதான் கேட்டேன். கோவப்படாதீங்க...”

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. மூன்று பல்புகளும் ஒன்றாக அணைந்தன.

“அய்யய்ய, கரண்ட் போயிடுச்சுங்களே... ஆமாங்க, மூணும் அணைஞ்சிடுச்சு... ராத்திரியிலேர்ந்து பரிமளா முறைங்க, அதுல நாங்க கை வைக்க முடியாது... நான் எங்கங்க இல்லன்னு சொன்னேன்? ஒரு தடவயாவது சொன்னேனா?... கத்தாதீங்க ஐயா. மேலத்தெருவுலேர்ந்து இங்க வர ஒரு பீடி புடிக்கிற நேரந்தான். போனை எடுக்காம நடந்து வந்து கொட்டாய் வாசல்ல நின்னிருந்தீங்கன்னா, கொளஞ்சி என்னைக்கூடக் கேட்டிருக்காது, போட்டிருக்கும். அதான் எங்க கட்டு. காலனிக்குள்ள காலு வைக்க ஒங்களுக்கு மனசு வரல... ம்... ம்... ஆங், ஞாபகம் வந்துடுச்சா? அதேதான் ஐயா, அன்னிக்கு நீங்க சொன்னதேதான். ‘நாளைக்கு வாங்க.’ நாளைக்கு வாங்க... முறையெல்லாம் முடியட்டும், நின்னு பாருங்க. வரும்போது மறக்காம ஒரு குடம் எடுத்துக்கிட்டு வாங்க. இங்கயும் மரம் ஏதும் இல்ல.”

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அம்சவள்ளி ரிசீவரை வைத்தாள்.