வீட்டுக்குப் பொதுவான பெட்டி

அழிந்துபோன படங்களை மீட்டுத் தரும் உங்கள் கடைக்கு வருவதில் உள்ள ஒரே சிரமம் கார் நிறுத்த இடம் கிடைக்காததுதான், ஹைதர் தம்பி. கிம்பர்லி தெருவை இரண்டு தரம் சுற்றிவிட்டு, கடைசியில் ஒரு சீனர் கோயிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். என் மனைவி ஜெயலெட்சுமியும் அவள் தங்கை பிரமிளாவும் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். நான் முன்னாலேயே வந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் பதற்றப்படாமல் உட்காருங்கள், விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெட்டியை உங்களிடம் கொடுத்தபோது பிரமிளா ரசீதில் தன் நம்பருக்குப் பதில் என் நம்பரைக் கொடுத்தது என் நல்ல காலம். "அங்கிள், நல்ல சேதி. பெட்டியில இருந்ததுல முக்கால்வாசி கிடைச்சிருச்சி. ஆனா இது மின்னல் அடிச்ச பெட்டி இல்ல அங்கிள், யாரோ உள்ள போயி அழிச்சிருக்காங்க" என்று நேற்று நீங்கள் போனில் சொன்னீர்கள். யார் அழித்தது என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. நான்தான் அழித்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கிரிசாமி என்று புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் விசாரித்தால் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பழைய ஆட்கள் சொல்வார்கள். குறை உள்ள பொருளை வரிசையிலிருந்து எடுத்து வெளியே வைப்பதுதான் என் வேலை. அதில் எனக்குத் தயவு தாட்சண்யம் இருந்ததில்லை. வீட்டிலும் நான் அப்படித்தான் என்று ஜெயா சொல்வாள். அவள் அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, குறையாகச் சொல்கிறாளா என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

பெட்டியை வாங்கி வந்தவன் என் மகன் குகன். வயர் எதுவும் வேண்டாம், வீட்டில் உள்ள லேப்டாப்புகளை அதுவே தேடிப் பிடித்து நகல் எடுத்துக்கொள்ளும் என்றான். டிவிக்குக் கீழே வைத்தான். நகல் எடுத்தது போக அதில் ஏராளமான இடம் மிச்சம் இருந்தது. அதைச் சும்மா விடுவானேன் என்று வீட்டுக்கே பொது அலமாரி ஆக்கிவிட்டான். எங்கள் வீட்டில் பீரோவுக்குக்கூடப் பூட்டு கிடையாது, பெட்டிக்கும் அப்படியே. அவன் படங்கள், பாட்டு, பள்ளிக்கூட நாடகம், எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டில் கொண்டாடிய பிறந்தநாட்கள், எல்லாம் நேராக அதற்குள் போயின. ஜெயாவின் போன் காலை வணக்கம் சொல்லும் சாமிப் படங்களால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதிலிருந்ததையும் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் போனைக் காலியாக்கிக் கொடுத்தான். வாசல் போர்ச்சில் மாட்டிய கேமராவையும் அதனோடு சேர்த்துவிட்டான். வாசலில் யார் நின்றாலும் படமும் பேச்சும் தேதிவாரியாக அதில் ஏறும்.

அப்போது அவன் என்னிடம் ஒன்று சொன்னான். "அப்பா, லேப்டாப்ல உள்ளதுக்குத்தான் இந்தப் பெட்டி பேக்கப். பெட்டியிலயே நேரா போட்டதுக்கு எங்கயும் பேக்கப் இல்ல. இன்னொரு டிஸ்க் வாங்கி அதுலயும் போட்டு வைக்கணும்லா."

"அப்புறம் அதுக்கு ஒரு பெட்டி, அதுக்கும் ஒரு பெட்டியா? வீடு முழுக்க பெட்டிதான் இருக்கும், நாம போர்ச்லதான் படுக்கணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். இன்னொரு டிஸ்க் வாங்கவே இல்லை. ஆனால் ஜெயா மட்டும் கடைசிவரை, பெட்டியில் இருந்தால் பத்திரம் என்றே நம்பினாள். அது நகல் எடுக்கும் பெட்டி இல்லையா, எல்லாவற்றுக்கும் நகல் இருக்கும் என்று நினைத்தாள். நானும் திருத்தவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் குகன் போய்விட்டான். மோட்டார் சைக்கிளில் தாசேக் கெலுகோருக்குப் போகிற வழியில் லோரிக்கு அடியில் விழுந்தான். பிரமிளாவின் வீடு அங்கேதான். ஜெயா அன்றைக்குத் தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். அவன் கைப்போனும் அங்கேயே நொறுங்கிப் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜெயா பெட்டியிடம் போய் உட்கார்ந்தாள். டிவியில் போட்டு, பழையதிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாளையும் தள்ளிவிட மாட்டாள். அவன் பல் விழுந்த வாயோடு பாடுகிறான், பார்ப்பாள். சைக்கிளில் விழுகிறான், பார்ப்பாள். கேமரா மாட்டிய வருடத்துக்கு வந்தபோது, பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுவதையும் மாட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சோறு ஆறிப் போகும். கூப்பிட்டால் கையை மட்டும் அசைப்பாள். அந்த வீட்டில் நானும் ஒருத்தன் இருக்கிறேன் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று. எனக்கு அது வலித்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் வருஷத் திதிக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரமிளாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நான் வீட்ல இல்லடி. எம்புள்ள கடைசியா எப்படிக் கிளம்புனான்னு கேமராவுல இருக்கும். அத நான் பாத்துட்டுத்தான் திதி குடுப்பேன். பாக்காம எள்ளுத் தண்ணி எறைக்க என் கை வராது."

நான் அடுக்களையில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் பின்னால் நின்று டிவியில் தேதியைப் பார்ப்பேன். அவள் நெருங்கிக்கொண்டே வந்தாள். அவன் கல்லூரியில் சேர்ந்த நாள் வந்தது. மோட்டார் வாங்கிய நாள் வந்தது. நான் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன், லங்காவித் தீவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன், டிவி வயரைக்கூட ஒரு நாள் பிடுங்கிவிட்டேன். அவள் எழுந்து வந்து திரும்பச் சொருகினாள்.

அந்த ஒரு நாளை மட்டும் அழித்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் காத்திருப்பதே அந்த நாளுக்காக. மற்றதெல்லாம் இருந்து அது மட்டும் இல்லாவிட்டால் யார் எடுத்தது என்று அவளுக்கு விளங்காதா? அன்றைக்கு வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். பெட்டியே செத்துப் போனால் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். பெட்டி என்றால் ஒரு நாள் கெட்டுப் போகத்தானே செய்யும்.

அவள் ஆயர் ஈத்தாம் பாசாருக்கு மீன் வாங்கப் போன காலையில் செய்தேன். முழுக்க அழிக்கும் முறை ஒன்று இருந்தது, அது வெகு நேரம் பிடிக்கும் என்று காட்டியது. சீக்கிரம் அழிக்கும் முறையை அமுக்கினேன். அப்படி அழித்ததைத் திரும்ப எடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது, அந்த அவசரத்தால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் இடி இடித்தபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்னல் அடித்துவிட்டது என்றேன்.

அவள் கத்தவில்லை. பெட்டியை மடியில் எடுத்து வைத்து, முந்தானையால் துடைத்தாள். மழையில் நனைந்த பூனைக்குட்டியைத் துடைப்பார்களே, அப்படி. "நகல் இருக்கும்ல? நகல் எடுக்குற பெட்டிதானே இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன், அவன் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில். அதன் பிறகு பல நாள் அவள் வாயில் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அவன் 'அம்மா' என்று கூப்பிடுவது காதில் வரவில்லை என்றாள். சட்டம் போட்ட படம் ஒன்று கூடத்தில் இருக்கிறது. படத்துக்குக் குரல் ஏது?

திதியை நடத்தவில்லை. அவள் சம்மதிக்கவில்லை.

குகன் கிளம்பிய அந்த நாளின் கிளிப்பை நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றிரண்டைத் திறந்து பார்ப்பது உங்கள் தொழில். கடைசித் தேதியைத்தான் முதலில் திறந்திருப்பீர்கள். நான் உள்ளே வந்ததும் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தீர்கள். பார்த்தவருக்கு நான் ஒளிப்பதில் பயனில்லை.

அன்று அந்தி நேரம், நல்ல மழை. படிப்பை விட்டுவிட்டேன் என்று குகன் வந்து சொன்னான். இரண்டு மாதமாகவே கல்லூரிக்குப் போகவில்லை என்றான். நான் அடிக்கவில்லை. வளர்ந்த பிள்ளையை அடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவன் பையை எடுத்து வெளியே வைத்தேன், அவனையும் வெளியே போகச் சொன்னேன், கிரில் கதவைப் பூட்டினேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, மழை விடட்டும்ப்பா. மோட்டார்ல பிரேக் பிடிக்கல. நாளைக்குத்தான் கடையில விடணும். கார் சாவியாவது குடுங்கப்பா, அம்மாகிட்ட போயிட்டு வந்துடுறேன்."

"நீ எதுல போனா எனக்கென்ன. செத்தாலும் இந்த வாசல் பக்கம் வராதே" என்றேன்.

அவன் அதற்கும் அப்பா என்றுதான் கூப்பிட்டான். நான் போர்ச் விளக்கை அணைத்தேன். இருட்டிலும் அந்தக் கேமரா படம் பிடிக்கும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. அவன் வெகு நேரம் அங்கேயே நின்றது எனக்குத் தெரியும், நான் திரைச்சீலைக்குப் பின்னால்தான் நின்றேன். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு டிவியைப் போட்டேன்.

போலீஸ்காரர் கேட்டபோது, அம்மாவைக் கூட்டிவரப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டு கிளம்பினான் என்று சொன்னேன். ஜெயாவிடமும் அதையே சொன்னேன். பிள்ளை கோபத்தோடு போகவில்லை என்று தெரிந்தால் அவள் மனம் ஆறும் என்று நினைத்தேன். அது வேறு மாதிரி முடிந்தது. தன்னைக் கூட்டிப்போக வந்துதானே செத்தான், தான் அன்றைக்குத் தாசேக் கெலுகோருக்குப் போகாமல் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பானே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இன்றுவரை அப்படித்தான். பிரமிளா வீட்டு வாசலை அவள் அதன் பிறகு மிதிக்கவே இல்லை. உன் மேல் தப்பில்லை என்று நானும் நாள் தவறாமல் சொல்லித்தான் வருகிறேன். ஒரு புருஷன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஆனால் பெட்டி போன பிறகு ஒரு நல்லது நடந்தது, தம்பி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஜெயா என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "அவன் கிளம்பும்போது என்ன சொன்னான், மறுபடி சொல்லுங்க" என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன். ஒரு நாள், அம்மாவுக்குக் குடை எடுத்துக்கிட்டேன்பா என்றான். இன்னொரு நாள், அம்மா வச்ச மீன் குழம்பை எனக்கு எடுத்து வைங்க, வந்து சாப்பிடுறேன் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில நாள் என் கையைக்கூடப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இப்போது நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அங்கிள், அந்த ஒரு கிளிப்ப மட்டும் நான் தூக்கிடுறேன். அது மட்டும் கெட்டுப் போச்சின்னு சொல்லிக்கிறேன், என் பொறுப்பு. மத்ததெல்லாம் ஆண்ட்டிகிட்ட குடுத்துடுவோம் அங்கிள். பாவம், பெத்தவங்க."

பாருங்கள், இதைத்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நல்ல மனசு உங்களுக்கு. நேற்று முழுக்க நானும் இதைப் பற்றித்தான் யோசித்தேன். நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள், என் மேல் சந்தேகம் வராது. எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. பயந்துதான் அழித்தேன் என்றால் இத்தோடு அந்தப் பயம் தீர்ந்துவிட்டது.

வேண்டாம், தம்பி. ஒன்றும் கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். அது கையில் கிடைத்தால் அவள் மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். சோறு ஆறும். கூப்பிட்டால் கையை அசைப்பாள். அவள் உடம்பு அதைத் தாங்காது. எல்லாம் அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

கீழே பிரமிளாவின் குரல் கேட்கிறது. வந்துவிட்டார்கள். ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள், ஜெயாவுக்கு முட்டி வலி, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். செய்தியைக் கேட்டு அழுவாள், நீங்கள் பயந்துவிட வேண்டாம். நான் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்விடுவேன். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். இன்றைக்குக் குகன் அவளுக்கு என்ன சொல்லிவிட்டுப் போனான் என்பதைக் காரில் வரும்போதே யோசித்து வைத்துவிட்டேன்.